சப்பாத்துக் கட்டும் பாடத்துக்கு எட்டுப் புள்ளி

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு முறைதான் மற்றவர்களுக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். ஊரில் படித்தபோது எனக்குப் போட்டார்கள். கணக்குக்கு எவ்வளவு போட்டார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். பாரிசுக்கு வந்த பிறகு பிரெஞ்சு வகுப்பிலும் எனக்குத்தான் போட்டார்கள். ஆகவே ஒருநாள் சிவப்புப் பேனையைக் கையில் தந்து, பதினான்கு பிரெஞ்சுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "மதாம், இவர்களுக்கு நீங்கள்தான் புள்ளி போடவேண்டும்" என்று சொன்னபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கென்று பெட்டியிலிருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பதினான்கில் ஒன்றுக்குப் போட்ட எட்டைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் அப்போது ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். சேலை மடிப்பதுதான் வேலை. ஆனால் பாதி நேரம் மற்றவர்களுடைய கடிதங்களைத்தான் விரித்து மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிரெஞ்சு ஓரளவு வரும் என்பது தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் கூடிப்போனார்கள், கடிதங்களும் கூடின. ஆஸ்பத்திரிக்கு, விசா கொடுக்கிற பிரெபெக்சருக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். அப்படி வருகிறவர்கள் போகும்போது எப்படியும் ஒரு சேலை வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இந்த நாட்டில் அசிஸ்தாந்த் சோசியால் என்று ஓர் உத்தியோகம் உண்டு. வீட்டுக்கு வந்து, குடும்பத்தின் கஷ்டத்தைக் கேட்டு எழுதி, என்ன உதவி கிடைக்கும் என்று பார்த்துச் செய்கிறவர்கள். நல்ல உத்தியோகம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கஷ்டத்தைச் சொல்லமாட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள்.

என்னுடைய மூத்த சகோதரன் பாரிசுக்கு வெளியே திரான்சியில் இருக்கிறார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் துண்டு துண்டாகத்தான் வரும். அவரை எழுப்பி, குளிக்கவார்த்து, உடுப்புப் போட்டு, சோறு தீத்தி, திரும்பக் கிடத்துகிற வேலை முழுவதும் அவர் மனைவி, என் மச்சாளின் தலையில். அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு முழங்கால் சொல்வழி கேட்காது. காலையிலும் மாலையிலும் இந்த வேலைகளுக்கு ஆள் அனுப்ப அரசாங்கத்தில் ஓர் உதவி இருக்கிறது என்று நான் கண்டுபிடித்து, தொசியே என்கிற விண்ணப்பக் கட்டை நிரப்பி அனுப்பினேன். வீட்டைப் பார்க்க ஒரு மதாம் வருவதாகக் கடிதம் வந்தது. மொழிபெயர்க்க நானும் போனேன்.

மச்சாள் கதவைத் திறந்தாள். மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டும் கழுத்தில் ரையும் போட்டு என் சகோதரன் மாப்பிள்ளை மாதிரிக் கதிரையில் இருக்கிறார். சாய்ந்து விழாமல் வலது பக்கத்தில் இரண்டு தலையணை. மேசையில் வடை, கட்லற், ரோல்ஸ், கேசரி, பயத்தம் பணியாரம், வெண்ணெய்க் கேக். சக்கர நாற்காலியைக் காணவில்லை. பக்கத்து வீட்டு அல்ஜீரியக்காரியிடம் மச்சாள் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். கட்டிலோரம் இருந்த கொமட்டை, மலசலம் கழிக்கிற கதிரையை, பல்கனிக்குத் தள்ளி, ஏதோ ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் என் சகோதரனுக்குப் போர்த்திய பொன்னாடையால் மூடியிருந்தாள்.

வந்த மதாம் குனிந்து சப்பாத்தைக் கழற்றப் போனார். "பரவாயில்லை, சப்பாத்தோடை வாங்கோ" என்றாள் மச்சாள். நான் மொழிபெயர்த்தேன். அவரும் சப்பாத்தோடு வந்து அமர்ந்து, தாளை விரித்து, உங்கள் கணவர் தானாக உடுப்புப் போடுகிறாரா என்று கேட்டார்.

"பாருங்கோவன், எவ்வளவு வடிவாய் உடுத்திருக்கிறார்."

தானாகச் சாப்பிடுகிறாரா?

"காலமை ரெண்டு வடை சாப்பிட்டவர்."

உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?

"ஒண்டும் வேண்டாம். நீங்கள் வந்ததே பெரிய சந்தோசம். கேசரி எடுங்கோ."

நான் ஒரு எழுத்துப் பிசகாமல் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். சொன்னதைச் சொல்வதுதான் என் வேலை என்று எனக்குள் ஒரு திமிர். மதாம் கேசரியைச் சாப்பிட்டார், தாளில் நாலு இடத்தில் சரி போட்டார், எழுந்தார், போனார். அவர் போய் லிப்டுக்குள் ஏறும்போதுதான் மச்சாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, எனக்கு இவரைத் தூக்கேலாமல் கிடக்கு. முந்தநாளும் ரெண்டு பேரும் விழுந்துபோனம்" என்றாள். லிப்டின் கதவு மூடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து மதாம் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். மச்சாளும் கையைக் காட்டினாள்.

நாலு மாடிதான். ஓடியிருந்தால் பிடித்திருப்பேன். படிக்கட்டில் நின்று கத்தினாலும் கேட்டிருக்கும். அந்நிய வீடுகளுக்கு முன்னால் கத்துவது வெட்கம் என்று நின்றுவிட்டேன். அந்த லிப்ட் என் நெஞ்சுக்குள் வெகுகாலம் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது.

உதவி இல்லை என்று கடிதம் வந்தது. கணவர் உடுத்துகிறார், உண்கிறார், மனைவி எதுவும் வேண்டாம் என்கிறார். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு திரான்சிக்குப் போய் மச்சாளைப் பிடித்து ஏசினேன்.

அவள் என்னைத் திருப்பி ஏசினாள். "நான் வேண்டாமெண்டு சொன்னால் அவ உடனை விட்டிடுறதே? முதல்தரம் கேட்டால் ஆர்தான் ஓமெண்டு சொல்லுவினம்? மூண்டாந்தரம் கேக்கேக்கை எல்லோ சொல்லுறது."

"கொமட்டைப் பொன்னாடையாலை மூடி வைச்சால் அவ எப்பிடிக் காண்பா?"

"அதைப் பாக்கிறதுக்கே அவ வந்தவ?"

"அதைப் பாக்கத்தான் வந்தவ."

மச்சாள் எழும்பினாள். "நல்ல உத்தியோகம்தான்" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி போடப் போனாள்.

நான் மறுபடி தொசியே போட்டேன். இன்னொரு தரம் வந்து பார்க்கச் சில மாதம் எடுக்கும் என்றார்கள்.

இந்த நேரத்தில்தான் சமூகப்பணி படிப்பிக்கிற ஒரு கல்லூரியிலிருந்து, மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த ஆசிரியை ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். தன்னுடைய மாணவர்கள் தமிழ் வீடுகளுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள் என்றும், ஒன்றும் எழுதாத கொப்பியோடும் நிறைந்த வயிற்றோடும் திரும்பி வருகிறார்கள் என்றும் சொன்னார். தமிழ் வீடுகளைப் பற்றிய பாடத்தைத் தமிழர்களே சேர்ந்து அமைத்துத் தரவேண்டுமாம். மூன்று பேர் போதுமாம்.

முதலாளி உடனே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவர் ஒரு சங்கத்தின் தலைவர். என்ன சங்கம் என்று அவருக்கே இடைக்கிடை மறந்துபோகும். முதல் ஆள் தான் என்றார். மொழிபெயர்க்க இரண்டாவது ஆள் நான். மூன்றாவது ஆள் யார் என்று கடையைச் சுற்றிப் பார்த்தார். மனைவிக்கு எடுத்த ரவிக்கைத் துண்டு நிறம் பொருந்தவில்லை என்று மாற்ற வந்து நின்றார் ஒரு சென்னைக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "தம்பி படிச்ச பிள்ளை. தமிழ்நாட்டுக்கும் ஓராள் வேணும்தானே" என்று முதலாளி அவரையும் பிடித்துப் போட்டார். ரவிக்கைத் துண்டு மாற்ற வந்தவன் இப்படிப் பிரெஞ்சுக் கல்விக்குள் விழுந்தான்.

முதல் கூட்டத்தில் ஒரு விருந்தாளி இருந்தார். கனடாவின் பூர்வகுடி மக்களில் ஒருவர். அங்கே சமூகப்பணி படிப்பிக்கிறவர். தங்கள் மக்களைப் பற்றிய படிப்பைத் தங்கள் மக்களே எப்படிக் கையில் எடுத்தார்கள் என்று சொல்ல அவரை வரவழைத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். நரைத்த ஒற்றைப் பின்னல், ஓட்டப்பந்தயச் சப்பாத்து. அவருடைய கனடாப் பிரெஞ்சு எனக்குப் பாதிதான் விளங்கியது. கல்லூரி ஆசிரியைக்கும் பாதிதான், ஆனால் மற்றப் பாதி. இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் முழுவதும் விளங்கிவிடும்.

முதலாளிக்குக் கனடா என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றது ஒன்றும் விழவில்லை. "ஸ்கார்பரோவிலை என்ரை ஒண்டுவிட்ட தம்பி இருக்கிறான், கேளன், தெரியுமோ எண்டு" என்றார். கேட்டேன். தன்னுடைய ஊர் அங்கிருந்து இரண்டு நாள் பயணம் என்றும், ஆனால் ஒருமுறை அந்தப் பக்கம் போய் மட்டன் ரோல் சாப்பிட்டதாகவும், நல்ல உறைப்பு என்றும் அவர் சொன்னார். "எங்கடை ஆள்தான்" என்று முதலாளி முடிவு செய்துவிட்டார்.

பாடத்துக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். முதலாளி சட்டைப் பையிலிருந்து தாள் எடுத்தார். குத்துவிளக்கு. வரவேற்பு நடனம். தமிழர் தொன்மை பற்றித் தானே இரண்டு மணித்தியாலம் பேசுவது. பிறகு ஆசிரியைக்குப் பொன்னாடை. சென்னைத் தம்பி மடிக்கணினியைத் திறந்து, "நான் ஒரு டெக் ரெடி பண்ணிட்டேன் அக்கா, அறுபத்திநாலு ஸ்லைடு. தமிழ் ஃபேமிலியோட ஐந்து குவாலிட்டீஸ்" என்றார். நான் லிப்டைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். முதலாளிக்கு முன்னால் எப்படிக் குறுக்கே விழுந்து கதைப்பது? "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு இருந்தேன்.

கனடாக்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்களையும் முதலில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். மேளம் அடியுங்கள், ஒரு பாட்டுப் பாடுங்கள், ஆசீர்வாதம் செய்யுங்கள் என்றார்கள். செய்தோம். பிறகு கோப்பி தந்து எங்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திப் பாடத்தைத் தொடங்கினார்கள். பாடம் எங்களைப் பற்றியது."

நான் அதை மொழிபெயர்த்தேன். முதலாளி தாளை மடித்தார். "அப்ப குத்துவிளக்கு வேண்டாமோ?"

"ஏற்றுங்கள். ஏற்றிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். எங்கள் ஊரில் இப்போது பாடத்தை நாங்கள் சொல்கிறோம், கேள்வியை நாங்கள் எழுதுகிறோம், புள்ளியையும் நாங்கள்தான் போடுகிறோம்."

புள்ளி என்றதும் நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து இருந்தோம். சென்னைத் தம்பி மடிக்கணினியை மூடிவிட்டார். "எத்தினைக்குப் போடவேணும், நூறுக்கோ?" என்றார் முதலாளி. இங்கே இருபதுக்குத்தான் என்று சொன்னதும் அவருடைய முகம் கொஞ்சம் வாடியது.

எதைப் படிப்பிப்பது என்று பேச அடுத்த கூட்டத்தைக் கடையிலேயே வைத்தோம். கனடாக்காரியும் வந்தார். சேலைக்கட்டுகளுக்கு நடுவில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். ஆளையாள் புகழ்ந்தோம். தேத்தண்ணி குடித்தோம். ஒரு வரி எழுதவில்லை. பிறகு எல்லோரும் எழுந்து, "சரி, போட்டு வாறம்" என்று வாசலுக்குப் போனோம்.

வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை ரூ பெர்தொனேயிலும் வைத்துக்கொண்டு சென்னைத் தம்பி சொன்னார்: "அக்கா, ஒரு விஷயம். என் வைஃப் டெய்லி மத்தியானம் அம்மாகிட்ட ஃபோன்ல அழுவுறா. வீட்டை விட்டு வெளிய வரவே மாட்டேங்குறா. யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல." ரவிக்கைத் துண்டை மாற்ற அவர் தனியாக வந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளை நாளைக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அதற்குள் முதலாளி கதவுப் பிடியைத் தடவிக்கொண்டே, தன் மகன் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறான், தனக்கு அரைவாசி விளங்குவதில்லை, விளங்காததை மறைக்க எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்ததில் போன மாதம் அவன் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான் என்றார். வைத்த கண் வாங்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். நானும் லிப்ட் கதையைச் சொன்னேன். கோட்டும் பொன்னாடையும் கொமட்டும், எல்லாம் சொன்னேன். தெருவில் ஆட்கள் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். முக்கால் மணித்தியாலம் நின்றோம். எதிர்க்கடை நகைக்காரர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

கனடாக்காரி குளிர்கோட்டை மாட்டியபடி வேர்த்து வழிய நின்றார். "உள்ளே இரண்டு மணித்தியாலம் இருந்தீர்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இது என்ன, எல்லாம் வாசலில்?" என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து செய்கிற காரியம். யாராவது சொல்லும்வரை எங்களுக்கே தெரியவில்லை.

"உங்கடை ஆக்கள் எப்பிடி?" என்று முதலாளி கேட்கச் சொன்னார்.

"மற்றவர்களைத் தெரியாது. என் அம்மா, நான் காரை இயக்கின பிறகு, யன்னல் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். எத்தனை லீற்றர் பெற்றோல் போயிருக்கும்" என்றார் அவர்.

பாடம் அந்த வாசலிலேயே உருவாகிவிட்டது. தமிழ் வீட்டில் கேள்வியை மூன்று தரம் கேட்கவேண்டும். முதல் இரண்டு பதில்களும் மரியாதைக்கு. சப்பாத்தோடு வரச் சொன்னாலும் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். ஏனென்றால் திரும்பப் போடவேண்டும். போடுகிற நேரம்தான் வேலை நேரம். ஆகவே லேஸ் வைத்த சப்பாத்துத்தான் போடலாம். போகிறேன் என்று சொல்லவேண்டும், போகக்கூடாது. இதைப் போய்ச் சொன்னபோது கல்லூரி ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாடத்தின் பெயரைக் கேட்டார். "சப்பாத்துக் கட்டுதல்" என்றேன். எழுதிக்கொண்டார். அவருடைய மேலதிகாரி அதைப் பார்த்து என்ன சொன்னாரோ தெரியாது.

தேர்வைக் கடையின் பின்னறையில் வைத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் வந்து கேள்வி கேட்டு, பிறகு வாசலில் நம்பும்படியாக மெதுவாகச் சப்பாத்துக் கட்டவேண்டும். நான்தான் மச்சாள். முதலாளி நோயாளி, தன் சொந்தக் கோட்டோடு வந்திருந்தார். பக்கவாதக்காரர் அசையாமல் இருக்கவேண்டும் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கவில்லை. மூன்றாவது பிள்ளை வந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டுச்சேலைக் கட்டின் மேல் சாய்ந்தார். பிள்ளை பயந்துபோய் அம்புலன்சுக்கு அழுத்திவிட்டாள். சென்னைத் தம்பி பாய்ந்து அவளுடைய போனைப் பறித்தார். "கொஞ்சம் உணர்ச்சி கூடிப்போச்சு" என்றார் முதலாளி.

சென்னைத் தம்பி எல்லோருக்கும் பதினைந்துக்கு மேல் போட்டார். முதலாளி வணக்கம் சொன்னவர்களுக்கு மட்டும் போட்டார். அதனால் ஆசிரியை என்னுடைய புள்ளிதான் செல்லும் என்று சொல்லிவிட்டார். நான் கறாராகப் போட்டேன். ஊரில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கடைசியாக வந்தவள் ஒரு நெட்டைப் பிள்ளை. முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை ஏறுகிற பெரிய சப்பாத்து. ஒரு காலுக்கு இருபது ஓட்டை. கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாள். வாசலில் அமர்ந்து கட்டத் தொடங்கினாள். கட்டினாள், அவிழ்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பக் கட்டினாள். லேஸ் விரலில் சுற்றியது. கடைசியில் பார்சல் மாதிரி ஒரு முடிச்சு. எனக்குச் சினம் வந்தது. இவ்வளவு பெரிய பெண்ணுக்குச் சப்பாத்துக் கட்டத் தெரியாதாம், அதை நாங்கள் நம்பவேண்டுமாம். எட்டுப் போட்டு, கீழே எழுதினேன்: "கட்டத் தெரியாதவள் போல நடிக்கிறாள். ஒருவரும் நம்பமாட்டார்கள்."

இங்கே பத்துக்குக் கீழே போனால் சித்தியில்லை, பெயில்தான். பத்தாக்கித் தரமுடியாதா என்று ஆசிரியை கேட்டார். முடியாது என்றேன். பிள்ளையின் முகம் சுருங்கியது. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனாலும் எட்டு எட்டுத்தான்.

சில வாரங்களில் திரான்சிக்கு மறுபடி வீடு பார்க்க வருகிற நாள் வந்தது. அதற்கு முதல்நாள் நான் மச்சாளுக்குப் போன் எடுத்துப் படித்துப் படித்துச் சொன்னேன். கோட்டு வேண்டாம், பலகாரம் வேண்டாம், கொமட்டைக் கட்டிலோரமே விடு. ஓம், ஓம் என்றாள். அந்த ஓமை நான் நம்பினேன்.

கோட்டு. ரை. ஏழு வகைப் பலகாரம். பல்கனி வெறுமையாக இருந்தது. இந்த முறை கொமட்டும் அல்ஜீரியக்காரி வீட்டில். "ஆக்கள் வாற நேரம் இவரை உள்பெனியனோடை இருத்தச் சொல்லுறியே?" என்று மச்சாள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். என் சகோதரன் இடது கையால் ரையைத் தளர்த்தப் பார்த்து, முடியாமல், என்னைப் பார்த்து அரைவாயால் சிரித்தார்.

மணி அடித்தது. பழைய மதாம்தான். பின்னால், பயிற்சிக்காக அவரோடு அனுப்பப்பட்ட எட்டுப் புள்ளி. அதே சப்பாத்து.

"சப்பாத்தோடை வாங்கோ, பரவாயில்லை" என்றாள் மச்சாள். நெட்டைப் பிள்ளை என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அமர்ந்து கழற்றத் தொடங்கினாள். அவள் கழற்றியதால் மதாமும் தன்னுடையதைக் கழற்றவேண்டி வந்தது. மதாமுக்கு லேஸ் இல்லை.

கேள்விகள் அதே. பதில்களும் அதே. வடிவாய் உடுத்திருக்கிறார், வடை சாப்பிட்டவர், ஒண்டும் வேண்டாம். நெட்டைப் பிள்ளை இரண்டாம் தரம் கேட்டாள். வேண்டாம் என்றாள் மச்சாள். பிள்ளை மூன்றாம் தரமும் கேட்டாள், உண்மையாகவே ஒன்றும் வேண்டாமா என்று. நான் மச்சாளின் வாயைப் பார்த்தேன்.

"உண்மையாத்தான் பிள்ளை. இன்னுமொரு வடை எடு."

பதினான்கு பேருக்கு நான் படிப்பித்த பாடத்தில் என் சொந்த மச்சாள் தோற்றுப்போனாள். மதாம் தாளை மூடினார். ஒரு நொடியில் காலைச் சப்பாத்துக்குள் விட்டு, வெளியே போய், லிப்டை அழைத்து, கதவு மூடாமல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். நெட்டைப் பிள்ளை வாசலில் முக்காலியில் அமர்ந்து கட்டினாள். அவிழ்த்தாள். நாக்கைக் கடித்தாள். லேஸ் விரலில் சுற்றியது. மதாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மச்சாளும் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன இவ, பாவம், கட்டத் தெரியாதே?" என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன் நிலையைப் பிடித்து, நல்ல காலை மடித்து, மற்றக் காலை இழுத்து, அந்தப் பிள்ளையின் முன்னால் தரையில் அமர்ந்துவிட்டாள். லேஸைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கினாள். இருபது ஓட்டையும் மளமளவென்று ஏறியது. மேலே இரட்டை முடிச்சு.

"இவருக்கும் நான்தானே கட்டிவிடுறனான்" என்றாள், மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. "வெளியிலை போறேல்லை. எண்டாலும் ஒவ்வொரு நாளும் போட்டுக் கட்டிவிடுவன். சப்பாத்துப் போட்டாத்தான் தானும் ஒரு மனிசன் எண்டு இருப்பார். கட்டிப்போட்டு எனக்கு எழும்பேலாது. கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே கீழை இருப்பன். குளிக்கவாக்கத் தூக்கேக்கை எத்தினை தரம் விழுந்துபோனம். அவர் கீழை, நான் மேலை. பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் பிரிச்சு எடுத்தவ." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். லிப்டுக்குக் கேட்கவேண்டும் என்று கத்திச் சொன்னேன். கீழ்மாடியில் யாரோ கதவைத் திறந்தார்கள்; திறக்கட்டும். ஒரு சொல் விடவில்லை. அவர் கீழே, நான் மேலே என்பதையும் விடவில்லை.

இரண்டு முடிச்சும் முடிந்தது. மச்சாள் எழும்பப் பார்த்தாள். முழங்கால் வரவில்லை. திரும்பவும் பார்த்தாள். "சொன்னன்தானே" என்றாள் யாருக்கென்றில்லாமல். நெட்டைப் பிள்ளை அவளை ஒரு பக்கம் பிடித்தாள், நான் மற்றப் பக்கம். மதாம் லிப்டிலிருந்து காலை எடுத்தார். லிப்ட் வெறுமையாகக் கீழே போனது. அவர் வந்து பின்னாலிருந்து தூக்கினார். மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

பிறகு மதாம் சப்பாத்தைத் திரும்பக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சக்கர நாற்காலி எங்கே என்று மெதுவாகக் கேட்டார். மச்சாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டைக் காட்டினாள். நான் போய்த் தட்டினேன். அல்ஜீரியக்காரி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியின் மேலே கொமட் இருந்தது. கொமட்டின் மேலே பொன்னாடை இருந்தது. என் சகோதரன் அதைக் கண்டதும் கோட்டும் ரையுமாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மதாம் தாளை முதலிலிருந்து எழுதினார்.

காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் வர அனுமதி கிடைத்தது. வருகிற பிள்ளைகளுக்கு மச்சாள் முதலில் வடை கொடுத்து, அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் வேலை செய்ய விடுகிறாள் என்று கேள்வி. அதைத் திருத்த என்னால் முடியாது.

அன்று ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போது நெட்டைப் பிள்ளையிடம், நல்லாய் நடித்தாய் என்றேன். அவள் சிவந்துபோனாள். "மதாம், நான் அன்றைக்கும் நடிக்கவில்லை. இது என் அண்ணனுடைய சப்பாத்து. என்னிடம் லேஸ் வைத்தது வேறு இல்லை. எனக்கு உண்மையாகவே இதைக் கட்டத் தெரியாது" என்றாள். கீழே குனிந்து பார்த்தேன். மச்சாளின் இரட்டை முடிச்சு அசையாமல் இருந்தது.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். புள்ளியைத் திருத்தவேண்டும் என்றேன். புள்ளிப் புத்தகம் மூடியாகிவிட்டது, முடியாது என்றார் ஆசிரியை. இரண்டாம் தரம் கேட்டேன், முடியாது. மூன்றாம் தரமும் முடியாது. சரி, போட்டு வாறன் என்று சொல்லி வாசலுக்குப் போய், குனிந்து சப்பாத்துக் கட்டத் தொடங்கினேன். நான் போட்டிருந்தது லேஸ் இல்லாத சப்பாத்து. அவர் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே போய்ப் புத்தகத்தையும் சிவப்புப் பேனையையும் எடுத்து வந்து வாசலில் வைத்தே தந்தார். நான் எட்டுக்கு முன்னால் ஒரு ஒன்று போட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன்.